ஏழாவது கேள்வி

இந்த மூடுபனிக்கு வாசல் உண்டா? கடவுளும் அப்படி வாசல் இல்லாதவராக இருக்கலாமே என்று நினைத்தாள் சரிதா. ஜன்னலுக்கு வெளியே தேயிலைச் சரிவு மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. சர்ச் வகுப்பின் வீட்டுப்பாட நோட்டில் ஏழாவது கேள்வி மட்டும் காலியாக இருந்தது: ‘நீ ஏன் விசுவசிக்கிறாய்?’

“இன்னும் கனவா? புத்தகத்தப் பார்த்து எழுது புள்ள,” என்றான் டக்ளஸ்.

“எனக்கே இன்னும் தெரியலைங்களே.”

“எல்லாரும் தெரிஞ்சா எழுதுறாங்க? நாளைக்கு நோட்டுக் காட்டலைன்னா ஃபாதர் ஞானஸ்நானம் குடுக்கமாட்டார். அப்புறம் பதினெட்டாம் தேதி நம்ம கல்யாணம் எப்படி நடக்கும்?”

பேனாவை அவள் கையில் வைத்தான்.

“பார்த்து எழுதுன நோட்டையெல்லாம் இன்னிக்குத்தான் என் நாலாங்கிளாஸ் பசங்ககிட்டத் திருத்தாமத் திருப்பிக் குடுத்தேனுங்க,” என்றாள் சரிதா.

பேனாவை மூடி அவனிடமே நீட்டினாள்.