பதிவில் விழுந்த தாளம்

செம்பூர் வீட்டில் பத்ரி போஸா நோவா என்ற பிரேசில் பாணியில் கிட்டார் பழகினார், மனைவி சாதனாவின் பாட்டுக்கு வாசிக்க. கட்டைவிரல் சீராக நடக்கும்போது மற்ற விரல்கள் தாளத்துக்குச் சற்று முன்னே மற்றத் தந்திகளைச் சேர்த்து மீட்ட வேண்டும். அதுதான் அவருக்கு வரவில்லை. பாட்டு கிளாஸ் பழக்கத்தில் சாதனா பக்கத்தில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவாள். அவர் விரலும் அந்தத் தட்டிலேயே போய் விழும். உடனே அவள் தட்டுவதை நிறுத்தி, "மொதல்லேர்ந்து வாங்கோ" என்பாள்.

போன மழைக்காலத்தில் சாதனா இறந்துபோனாள். பத்ரி தனியாகப் பழகினார். ஒருநாள் வாசித்ததை மொபைலில் பதிந்து கிட்டார் டீச்சர் ஷாலினிக்கு அனுப்பினார். அவள் தாராவியிலிருந்து போன் செய்தாள்.

"இப்ப கரெக்டா வருது சார். ஆனா பக்கத்துல யாரோ தொடையில தாளம் போடுதாங்க. வளையல் சத்தமும் கேக்குது. கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க."

"சொல்றேம்மா" என்றார்.

மறுபடி பதிந்தார். நடுவில் வேண்டுமென்றே தப்பாக வாசித்து நிறுத்தி, கொஞ்சம் விட்டு முதலிலிருந்து வாசித்தார். பிறகு போட்டுக் கேட்டார். தப்பு விழுந்த இடத்தில் தட்டும் நின்றது. அவர் தொடங்குவதற்கு முன்பே, மெல்ல, முதலிலிருந்து தொடங்கியது.

அதற்கப்புறம் பத்ரி அந்தப் பாட்டைச் சரியாக வாசிக்கவே இல்லை.