பாவு போட்ட தெருவில் ஒரு பாடம்

ராசிபுரத்தில் தெரு நீளத்துக்கும் தறிக்கான வெள்ளைப் பாவு நூல் விரிந்திருக்கிறது. பாவு போடும் காலையில் என் வகுப்புக்கு ஒரு பெண்ணும் வரமாட்டாள். கரும்பலகையோடு நானே வந்து நிற்கிறேன். ஈர நூலின்மேல் இளவெயில் வழுக்குகிறது. அறுந்த இழையை முடிந்துகொண்டே சாரதாமணி பலகையிலுள்ள கதையை உரக்கப் படிக்கிறாள். "நாளையிலிருந்து இவ வரமாட்டாளுங்க டீச்சரம்மா. தறிக்குத் தார்க்குச்சியில நூல் சுத்த ஆளில்லீங்க" என்கிறாள் அவள் அம்மா மாரக்காள், நூலுக்குக் கஞ்சி தடவும் கையை நிறுத்தாமல். நரி கிணற்றில் விழுந்த இடத்தில் பலகை முடிய, சாரதாமணியும் நிறுத்துகிறாள். மாரக்காளின் கை நிற்கிறது. "அப்புறம், சாமி?" என்று மகளைக் கேட்கிறாள். "மிச்சம் நாளைக்குத்தாம்மா பாடம்" என்கிறாள் சாரதாமணி. "ஏக்கா, கஞ்சி காயுது!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருத்தி கத்துகிறாள். "காயட்டும் இரு" என்று சொல்லி மாரக்காள் என்னைப் பார்க்கிறாள். "நாளைக்கு ஒரு நா வரட்டுங்க. நரி ஏறுச்சான்னு எனக்குத் தெரியணுமில்லீங்க." நாளைக்குக் கதையை எந்த இடத்தில் நிறுத்துவது என்று நான் யோசிக்கத் தொடங்குகிறேன்.