வெளிச்சக்கோழி

மௌரீனின் தண்ணீர் பாட்டிலில் பட்ட வெயில், கம்ப்யூட்டர் அறையின் கூரைக்குத் தாவி அங்கே நடுங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மதியம். காக்ஸ் டவுனில் உள்ள அந்தப் பள்ளியின் ஆசிரியர்கள் எல்லாரும் சாப்பாட்டு மயக்கத்தோடு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இணையத்தில் பிடித்த பக்கங்களைச் சேமித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிச்சொல் ஒட்டி, மற்றவர்களோடு பகிர்ந்துகொள்வது எப்படி என்று புதிய கம்ப்யூட்டர் டீச்சர் சௌம்யா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"புக்ல இருக்கற வார்த்தையே வேணும்னு இல்ல மிஸ். உங்களுக்கு என்ன தோணுதோ அதையே டேக் பண்ணுங்க. அதே வார்த்தைய வேற யாராவது போட்டிருந்தா, அவங்க சேத்து வெச்சதும் வந்து நிக்கும்."

எட்டாம் வகுப்புக்காக ஒளி எதிரொளிப்பு பற்றிய ஒரு பக்கத்தை எடுத்திருந்தாள் மௌரீன். 'ஒளி' என்று போட்டாள். 'கண்ணாடி' என்று போட்டாள். யார் யாரோ சேர்த்த பக்கங்கள் வந்து குவிந்தன.

கூரையில் வெளிச்சம் இரை பொறுக்குவதுபோல் குனிந்து குனிந்து நகர்ந்தது.

அவள் விரல்கள் தாமாகவே அடித்தன: வெளிச்சக்கோழி.

திரை சற்று நேரம் வெறுமையாக இருந்தது. பிறகு படங்கள் நிறைந்த பக்கங்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

குளத்தடியில் வலை பின்னும் வெயில். மின்மினிகள் மொய்த்த மரம். சர்ச் தரையில் சிந்திக் கிடக்கும் ஜன்னல் கண்ணாடியின் நீலமும் சிவப்பும்.

எல்லாவற்றையும் சேர்த்தது ஒரே ஆள். பெயர் இருக்கவேண்டிய இடத்தில் 'தூறல்' என்று இருந்தது.

சௌம்யாவின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு யார் வீட்டுக்குள்ளோ நடப்பவள்போல மௌரீன் ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்குப் போனாள்.

அந்த வார்த்தையை உண்டாக்கியது அவள் தங்கை ஆஞ்சலா. பேச்சு திருந்தாத வயதில், வாளித் தண்ணீரிலிருந்து சுவரில் ஏறிய வெயிலுக்கு அவள் வைத்த பெயர். அக்காவையும் தங்கையையும் தவிர வேறு யாரும் அதைச் சொன்னதில்லை.

வளர்ந்த பிறகு ஆஞ்சலா தனக்குப் பிடித்தவனோடு போனாள். இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றார் அப்பா. அவளும் போன் நம்பரை மாற்றிக்கொண்டாள். பெயரைப் போட்டு மௌரீன் எத்தனையோ முறை தேடியிருக்கிறாள். உலகத்திலுள்ள ஆஞ்சலாக்கள் எல்லாரும் வந்தார்கள், அவள் மட்டும் வரவில்லை.

அந்தச் சொல்லோடு தன் பக்கத்தைச் சேமிக்கும் முன் திரை கேட்டது: உங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?

மௌரீன் எதையும் நாலு பேருக்குக் காட்டுகிறவள் அல்ல. 'எல்லாருக்கும்' என்பதை அழுத்தினாள்.

டீ வந்தது. குடித்தாளா என்று அவளுக்கே தெரியாது. மறுபடி பார்த்தபோது, அவள் சேமித்த பக்கத்தைத் தூறலும் சேமித்திருந்தது. கூடவே ஒரு புதிய குறிச்சொல், நடுவில் இடமே விடாமல்:

அப்பாஇன்னும்கோவமாஇருக்காரா

மௌரீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அப்பாவைக் கல்பள்ளிக் கல்லறையில் வைத்து இரண்டு மழைக்காலம் போய்விட்டது. கடைசி நாட்களில், யார் கதவைத் தட்டினாலும் "ஆஞ்சியா?" என்றுதான் கேட்டார்.

இதற்கு எந்தச் சொல்லை ஒட்டுவது? அடித்தாள், அழித்தாள். மறுபடி அடித்தாள். அதையும் அழித்தாள்.

கடைசியில் ஒரே ஓர் எழுத்தை மட்டும் விட்டுவைத்தாள்.

வா.