தள்ளுபடி வேண்டாம்

“நல்ல சேதிதாம்மா. உங்க வீட்டுக்காரர் உயிரோடதான் இருக்கார்.”

அந்த அம்மா எதிர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எங்கள் ஓய்வூதிய அலுவலகம் அனுப்பிய கடிதம் அவர் மடியில் இருந்தது.

இருபத்தாறு மாதமாக அவருக்கு விதவை உதவித்தொகை போயிருக்கிறது. கணவர் இருக்கும்போதே. கூடுதலாக வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்லி வரவழைத்த கடிதம் அது.

தப்பு முழுக்க எங்களுடையது. ஓய்வூதியப் பட்டியலில் இறந்தவர்களுக்கு நேரே சிவப்பு மையில் குறி இருக்கும். வரிக்கு அடியில் அளவுகோலை வைத்து ஒருவர் எண்ணை வாசிக்க, இன்னொருவர் கணினியில் ஏற்றுவார். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டுக்குப் போகிற அவசரத்தில், அளவுகோல் ஒரு வரி கீழே நழுவிவிட்டது. குறி ஒருவருக்கு, சாவு அடுத்தவருக்கு.

வாசித்தது நான்தான். யாரும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொல்கிற அளவுக்கு நான் அரிச்சந்திரனும் இல்லை.

அடுத்த வாரமே இந்த அம்மாவுக்கு “ஆழ்ந்த வருத்தத்துடன்” என்று தொடங்கும் அச்சடித்த கடிதம் போய்விட்டது. வருத்தப்படுவதில் மட்டும் எங்கள் அலுவலகம் தாமதிப்பதில்லை.

கணவர் வேறு ஊரில் இருந்தார். ஓய்வூதியம் நின்றதும், நான் சாகவில்லை என்று மனு மேல் மனு போட்டார். பத்தொன்பதாவது மனுவில்தான், போன மாதம், அலுவலகம் அதை ஒப்புக்கொண்டது.

அலுவலகத் தவறால் போன பணத்தை, வாங்கியவர் உண்மை என்று நம்பி வாங்கியிருந்தால், தள்ளுபடி செய்ய விதி இருக்கிறது. அந்த அம்மா வருவதற்கு முன்பே அதற்கான படிவத்தை நிரப்பி வைத்திருந்தேன். இத்தனை வருட வேலையில் நான் இவ்வளவு சுறுசுறுப்பாக இருந்ததே இல்லை. குற்றமுள்ள நெஞ்சு கொடுத்த சுறுசுறுப்பு.

ஒரு கையெழுத்து போட்டால் போதும், ஒரு காசு கட்ட வேண்டாம் என்றேன்.

அழுவார் என்று நினைத்தேன். சிரிப்பார் என்றும் நினைத்தேன். கணவர் எப்படி இருக்கிறார் என்றாவது கேட்டிருக்கலாம்.

“இந்தத் தள்ளுபடி ஆர்டர் அவருக்கும் போகுமா சார்?” என்றுதான் கேட்டார்.

போகும். கணவன், மனைவி இருவருடைய பதிவும் மாறுகிறது, அதனால் இருவருக்கும் ஒரு நகல். இருவர் முகவரியும் அதில் இருக்கும். திருப்பிக் கட்டுகிறேன் என்று ஒப்புக்கொண்டால் மட்டும் அது அந்த அம்மாவுக்கும் எங்களுக்குமான விஷயம். வேறு யாருக்கும் தாள் போகாது.

அப்படியானால் கட்டிவிடுகிறேன், மாதாமாதம் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார்.

சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிற வேலை அவருக்கு. அந்தச் சம்பளத்தில் பிடித்தால் கடன் தீர ஆறரை வருடம் ஆகும். கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலத் திரும்பத் திரும்பச் சொன்னேன். கேட்டுக்கொண்டே என் பேனாவை எடுத்து, தவணைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. வலியக் கொடுத்தால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு, படிவத்தில் முகவரியை எழுதக் கோப்பைப் புரட்டினேன்.

ஐந்து வருடத்தில் நான்கு ஊர் மாறியிருந்தார். நான்கு ஊரிலும் வீட்டு முகவரி கிடையாது, தபால் பெட்டி எண்தான். எங்கள் இரங்கல் கடிதம் போன மறுமாதம், முதல்முறையாகக் கதவு எண், தெரு, மாடி எல்லாம் எழுதி அனுப்பியிருந்தார். கீழே சின்னதாக, ‘இனி இதுவே நிரந்தர முகவரி’ என்று ஒரு வரி.

முகவரி எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்தேன்.

ஒரு கோப்பில் இருவர் சம்பந்தப்பட்டிருந்தால் இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்வது எங்கள் வழக்கம். கோப்பை ரெக்கார்டு ரூமிலிருந்து இரண்டு தடவை தூக்கி வர வேண்டாமே என்று யாரோ எப்போதோ செய்த ஏற்பாடு. அடுத்த தாளைத் திருப்பினேன். கணவருக்கு அனுப்பிய அழைப்பின் நகல். இதே தேதி, இதே மேசை, அரை மணி நேரம் கழித்து.

நான் தலையைத் தூக்குவதற்குள் பியூன் வாசலில் நின்று அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த அம்மா எழுந்தார். அறைக்கு இருந்த ஒரே வாசலைப் பார்த்தார். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, முன்பக்கம் பலகை அடைத்திருந்த அதன் அடியில், என் காலருகே குனிந்து உட்கார்ந்துவிட்டார்.

வந்தவர் சிரித்த முகமாக இருந்தார். படிய வாரிய தலை. கைகூப்பி வணக்கம் சொன்னார். இத்தனை நாள் இழுத்தடித்ததற்கு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. மனைவி உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

“எனக்குப் பணம்கூட அவசரமில்லை சார். அவ எங்க இருக்கான்னு மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க.”

கோப்பு திறந்தபடி இருந்தது. முழங்கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன்.

கோப்பு இன்னும் ரெக்கார்டு ரூமிலிருந்து வரவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பழகிய பொய், நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. அதைக் கேட்டுத் திரும்பிப் போகாதவர்களே கிடையாது.

அவர் தலையாட்டினார். வரட்டும் சார், நான் இருந்து பார்த்துவிட்டே போகிறேன் என்று சொல்லி வெளியே போய், வாசலுக்கு நேரே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.