டயரில் போன சக்தி

எஞ்சின் தரும் சக்தி சக்கரத்துக்கு முழுதாக வந்து சேரவில்லை. பிக்கப் வண்டியின் பின்சக்கரங்கள் சோதனை உருளைகளின் மேல் உறுமி ஓய்ந்திருக்கின்றன; சக்கரத்துக்கு வந்த சக்தியைக் காட்டும் திரையில் போன வாரத்தைவிடக் குறைந்த எண். எஞ்சினை டியூன் செய்த அக்கா அந்த எண்ணை முறைக்கிறாள். நாளை பந்தயத்தில் வண்டியை ஓட்டப்போகிற தம்பிக்குப் பொறுமை இல்லை. “டர்போ அழுத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏத்துக்கா.” “ஏத்தினா பிஸ்டன் உருகும். மாட்டேன்.” “அப்ப வேற ஆளைப் பாத்துக்கறேன்.” “தாராளமா பாரு. சாவி என் பையில இருக்கு.” மடிக்கணினியைப் பட்டென்று மூடிவிட்டு வண்டிக்கு அடியில் நுழைகிறாள். குறைந்த சக்தி மாயமாவதில்லை. வழியில் எங்கோ சூடாக மாறி உட்கார்ந்திருக்கும். அதனால் எஞ்சினிலிருந்து சக்தி போகும் வழியிலேயே புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டு போகிறாள். கியர்பாக்ஸில் வழக்கமான சூடுதான். பின் அச்சிலும் அப்படியே. டயரைத் தொட்டதும் கையை உதறுகிறாள். பட்டறைக் கதவு வழியே சாய்ந்து விழும் வெயிலில், உருளையின் மேல் டயர் நசுங்கிப் பிதுங்கியிருப்பது தெரிகிறது. வண்டி துள்ளாமலிருக்க அதைத் தரையோடு இழுத்துக் கட்டிய பட்டை, விரலால் தட்டினால் டங்கென்கிறது. “இதை யாருடா இறுக்கினது?” “நான்தான். போன வாரம் ஆடிச்சுல்ல, அதான் காலை ஊனி இழுத்து இறுக்கினேன்.” “நல்லா இறுக்கினே போ! எஞ்சின் பாவம், டயரைப் பிசைஞ்சுக்கிட்டே கெடக்கு.” டயர் ஆறியதும் பட்டையைக் கொஞ்சம் தளர்த்தி மறுபடி ஓட்டுகிறாள். போன வாரத்து எண் திரும்ப வருகிறது. டர்போ அவள் வைத்த அளவிலேயே நிற்கிறது. தளர்த்த வேண்டியிருந்தது பட்டையை மட்டும்தான்.