இரட்டைப் படம்

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலுக்கென்று வடக்கனந்தலிலிருந்து போன செல்லமுத்து ஒரு வாரமாகியும் வீடு வந்து சேரவில்லை. கூட்டத்தில் தலையாவது தென்படாதா என்று அவன் மனைவி அமிர்தம் தினமும் டிவி செய்தியில் தேடினாள். திரையிலோ ஒவ்வோர் ஆளின் வலப்பக்கமும் ஒரு நிழல் ஒட்டிக்கொண்டு முகத்தைக் கலைத்தது. டிவி மெக்கானிக் பொன்னுரங்கத்துக்கு ஆள் விட்டாள். அவன் வந்து பார்த்தான்.

"ஆன்டெனாவும் ஒயரும் ஒத்துப் போவலக்கா. படம் முட்டித் திரும்பி வந்துக்கினு இருக்குது. அதான் ரெண்டு ரெண்டா தெரியுது."

"போனது திரும்பி வருதா?" என்றாள் அமிர்தம்.

அவன் மாடியேறி, ஆன்டெனாவுக்கும் ஒயருக்கும் நடுவே ஒரு சின்ன மேட்சிங் டப்பாவை மாட்டிவிட்டு இறங்கினான். "இனிமே எதுவும் திரும்பாதுக்கா."

அன்றைய செய்தியில், சாலையின் குறுக்கே வெட்டிச் சாய்த்த புளியமரத்தைச் சுற்றிக் கூட்டம் நின்றது. நிழல்கள் போய் எல்லா முகங்களும் பளிச்சென்று தெரிந்தன. செல்லமுத்து இல்லை. மரத்தின் ஓரமாக, முன்னால் ஆளே இல்லாமல், ஒரே ஒரு நிழல் நின்றது. செல்லமுத்து நிற்பதுபோலவே அதன் இடது தோள் சாய்ந்திருந்தது.

பொன்னுரங்கம் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கினான். கூட்டமும் மரமும் மறைந்து திரை முழுக்கப் புள்ளிகளாயின. நிழல் நின்றுகொண்டுதான் இருந்தது.

அமிர்தம் எழுந்துபோய், புருஷனுக்கென்று எடுத்து வைத்திருந்த தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.