திரையில் ஓடும் பெயர்கள்

திருப்புறம் என்ற கடலோர ஊரில், தேவாலயத்தின் பங்குக் கூடத்துச் சுவரில் கட்டிய வெள்ளைத் துணியில், வேறொரு நாட்டின் பட்டாளம் ஒரு பிரார்த்தனை வீட்டைச் சுற்றி நிற்கிறது. கடல்காற்றில் துணி உப்பும்போது பீரங்கி வண்டியும் சேர்ந்து உப்புகிறது. வண்டி சுவரை இடிக்கிறது. கூரை எரிகிறது. “நாங்கள் மிகவும் பொறுமையாக இருந்தோம்” என்கிறார் ஓர் அதிகாரி, மடிப்புக் கலையாத சட்டையில். ஆவணப்படம் முடிந்து, உள்ளே இறந்தவர்களின் பெயர்கள் ஆங்கிலத்தில் ஓடத் தொடங்க, உபதேசியார் சகாயதாஸ் கணினியை மூட எழுகிறார்.

“நிறுத்தாதேயும். பேரை வாசியும்” என்கிறாள் மீன் விற்கும் பவுலா. “செத்தவியளுக்க பேரு வந்தா செபம் சொல்லாம எழும்புவமா?”

“அவிய நம்ம சபை இல்ல. கள்ளத் தீர்க்கதரிசிக்க கூட்டமாக்கும்.”

“பிள்ளையளுமா கள்ளத் தீர்க்கதரிசி?”

அவர் வாசிக்கிறார். ஒவ்வொரு பெயருக்கும், படம் பார்க்க வந்த பெண்கள் முழந்தாளிட்டு “நித்திய இளைப்பாற்றியைத் தாரும் ஆண்டவரே” என்கிறார்கள். சிமெண்ட் தரையில் வெயில் மெல்ல நகர்கிறது. கடைசி வரியை அவர் தமிழாக்கிச் சொல்கிறார். “பேரிடாத பெண்குழந்தை. வயசு ரெண்டு நாள்.”

பவுலாவின் மூக்கு விடைக்கிறது. “அது உள்ள கிடக்குதுண்ணு தெரிஞ்சுதானே இடிச்சானுவ? பொறுமையாம், பொறுமை!”

சகாயதாஸ் மறுபடியும் துணியைப் பார்க்கிறார்.

“பேரில்லாம எப்படி வாசிக்க?” என்கிறார் அவர்.

“எனக்க மகளும் ரெண்டு நாளுதான் இருந்தா. அவளுக்குப் பேரு உண்டு, உமக்குத் தெரியும். அதை வாசியும்” என்கிறாள் பவுலா.

துணியில் இப்போது எழுத்தே இல்லை. வெறும் வெள்ளையைப் பார்த்து சகாயதாஸ் வாசிக்கிறார்: “ஆன். ரெண்டு நாள்.”